ஓப்பலுக்கு ஒரு சீட்

பிள்ளை வீட்டுக்கு வராது என்பது எனக்கு அந்த வாரம் முழுக்கத் தெரியும். தெரிந்தும் என் தங்கை மிஸ்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கைக்குழந்தையைக் காரில் வார் போட்டு வைக்கிற கார் சீட் வாங்கப் போனேன். வேறு என்ன செய்வது? அவள் குளித்து, தலை வாரி, தயாராக நின்றாள். மாதக்கணக்கில் அப்படி நின்றதில்லை.

அவள் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. பெயர் ஓப்பல், குறைமாசம். மிஸ்டி குளிர்காலத்தில் மறுபடி விழுங்கிய போதை மாத்திரை அதன் ரத்தத்திலும் இருந்தது. நிலக்கரிச் சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் மலைப்பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது அந்த மாத்திரையில் விழுந்தவர்கள். அதனால் யாரும் யாரையும் பார்த்துக் கேலியாகச் சிரிப்பதில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுப்பதா, வேறு வீட்டில் வளர விடுவதா என்று வெள்ளிக்கிழமை நீதிபதி சொல்லவேண்டும்.

இதற்கு நடுவில்தான் வார்டு நர்ஸ் சொல்லிவைத்தாள், "சீட் இல்லாம எந்தப் புள்ளையையும் வாசல் தாண்ட விடமாட்டோம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு கொண்டாந்துடும்மா." அவள் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதைச் சொன்னாள். மிஸ்டியோ சீட்டைக் கொண்டுபோனால் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள் என்றே எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். நிவாரண மாவு, கரி, மருந்து என்று எதற்குப் போனாலும் கேட்டதைக் கொண்டுபோனால் காரியம் முடியும் என்று பழகிப்போன கூட்டம்.

பெர்னிஸ் அத்தை கொட்டகையில் கிடந்த பழைய சீட்டைத் தூசு தட்டிக் கொண்டுவந்தாள். அதன் அடியில் காலாவதித் தேதி பொறித்திருந்தது. போன வருஷமே முடிந்துவிட்டது.

"பிளாஸ்டிக்கு என்னடி, திரிஞ்சு போறதுக்குப் பாலா?" என்று அத்தை கத்தினாள்.

"அதெல்லாம் வேணாம் அத்தை. நர்ஸு அடியில திருப்பிப் பாப்பா. ஒரு குத்தமும் இருக்கக் கூடாது" என்றாள் மிஸ்டி.

நெடுஞ்சாலைக் கடையில் ஒரு சுவர் நிறைய சீட்டுகள். குடை வைத்தது, கோப்பை வைக்கக் குழி போட்டது, தோல் மாதிரி பளபளப்பது. நான் நேரே போய் இருப்பதிலேயே விலை குறைந்த எளிய சீட்டைக் கையில் எடுத்தேன்.

"இது போதும். கோப்பைக் குழியெல்லாம் எதுக்கு, உன் மக காப்பியா குடிக்கப்போறா?"

மிஸ்டி சிரித்தாள். சிரித்தபடியே முகம் மாறிப்போயிற்று. "நீ ஏன் அத எடுத்தேன்னு எனக்குத் தெரியும்ணே. அவ வரமாட்டான்னு முடிவு கட்டிட்ட. வராத புள்ளைக்கு எதுக்கு தண்டச் செலவுன்னு பாக்கற."

"வாய மூடு. எல்லாமே ஒரே சோதனையில பாஸானதுதான். வெலைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு நர்ஸே சொல்லல?"

"சத்தியமா சொல்லு, அதுக்காகத்தான் எடுத்தியா?"

நான் அட்டைப்பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதுதான் உண்மை. அவள் மளிகைப் பக்கம் போய் ஐந்து பவுண்டு சோளமாவுப் பை ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"ஓப்பல் இந்த எடைதான்" என்று தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சீட்டாக இறக்கி, மாவுப் பையை உட்காரவைத்து, வார் போட்டுப் பார்த்தாள். ஓப்பலின் தோள் எங்கே வரும் என்று பையில் விரலை வைத்துக் குறித்துக்கொண்டாள். வார் அதற்குக் கீழே இருந்து வரவேண்டுமாம். விலை கூடியவற்றில் எல்லாம் அது மேலே போயிற்று. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவளுக்கும் அந்த எளிய சீட்டே பிடித்தது.

சாயங்காலம் முழுக்க அதை என் வண்டியில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். சீட்டைத் தாங்குகிற அடித்தட்டை வண்டி இருக்கையில் வைத்து, அதில் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். டயர் கடையில் வேலை பார்க்கிற எனக்கே அவ்வளவு கச்சிதமாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீதிபதி ஒரு டயர் கழற்றி மாட்டும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வேறு வீட்டுக்கு.

ஓப்பலை வளர்க்கப்போகிற அம்மாள் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திருமதி ஹோல்காம்ப். மலைக்கு அந்தப்புறத்து ஊர். மிஸ்டியின் கையைப் பிடித்து, "நல்லாப் பாத்துக்குறேம்மா" என்றாள். நல்ல மனுஷி. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். அவள் கொண்டுவந்த சீட் வளர்ந்த பிள்ளைக்கானது. ஓப்பலை வைத்ததும் வார் காதுக்கு மேலே நின்றது.

"இது ஆகாது. இதுல அனுப்ப முடியாது" என்றாள் நர்ஸ்.

 நர்ஸ் ஜன்னல் வழியாக, சீட் இருந்த எங்கள் வண்டி நின்ற பக்கம் பார்த்தாள். வாய்விட்டுக் கேட்க அவளுக்கும் மனசு வரவில்லை.

"அது எங்களுது. குடுக்கமாட்டோம்" என்றேன் நான்.

மிஸ்டி போய் சீட்டைக் கொண்டுவந்தாள். தன் கையாலேயே ஓப்பலை அதில் வைத்து வார் போட்டாள். "கோட்டு போட்டுட்டு மேல வார் போடாதீங்க. தாடை நெஞ்சுல முட்டாமப் பாத்துக்குங்க, மூச்சு அடைக்கும்" என்றாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கீழே, அந்த அம்மாள் தன் காரில் அடித்தட்டைப் பொருத்தினாள். பிள்ளையோடு சீட் என் கையில் இருந்தது. கனமே இல்லை. நர்ஸ் குனிந்து அடித்தட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடுது. இப்படி விடமுடியாது. நாங்க கைவெச்சு மாட்டித்தரவும் கூடாது, பாக்க மட்டுந்தான்."

திருமதி ஹோல்காம்ப் பெல்ட்டை இழுத்தாள். அவளுக்கு வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். வரவில்லை.  ஆடினால் கார் கிளம்பாது. இன்றைக்காவது ஓப்பல் மாடியில் இருப்பாள், மிஸ்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தங்கையின் காதருகே போனேன்.

"சும்மா இரு மிஸ்டி. அவங்க பாடு அது. விட்டுரு."

"மலையிறக்கம்ணே. பூரா வளைவு" என்றாள்.

காருக்குள் ஏறி, முழங்காலை அடித்தட்டில் ஊன்றி, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு, அழுதுகொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். நர்ஸ் மறுபடி ஆட்டிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

"சரி, கெளம்பலாம்" என்றாள் நர்ஸ்.