இருபத்தாறு கிளைகளுக்கு ஒரே மேஜை

இரண்டு வருஷமாக ஷியாமளாவுக்குத் தரையை அளப்பதுதான் வேலை. அவள் வரைபடப் பிரிவில் இருந்த அரசு நிறுவனத்துக்குக் கல்கத்தா வட்டாரத்தில் இருபத்தாறு கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான மேஜை. ஒரு குமாஸ்தா கூடுதலாக வந்து சேர்ந்தால் தச்சரைக் கூப்பிட்டு, அறுத்து, இழைத்து இடம் பண்ணுவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அதுவரை வந்தவர் ஜன்னல் விளிம்பில் கோப்புகளை வைத்து எழுதுவார்.

ஷியாமளாவின் யோசனை எளியது. எல்லாக் கிளைக்கும் ஒரே அளவு மேஜை, ஒரே அளவு அலமாரி, இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிடலாம். ஆள் கூடினாலும் குறைந்தாலும் இந்த மூன்றையே மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். அட்டையில் சின்னச் சின்ன மேஜைகள் வெட்டி, கட்டம் போட்ட தாளில் நகர்த்திப் பார்த்து, இருபத்தாறுக்கும் படம் போட்டு முடித்திருந்தாள்.

அன்று ஜாதவ்பூர் கிளையில் சோதனை. 1978, மே மாதம். பன்னிரண்டு மணிக்கு ஜோனல் மேனேஜர் வருவார். அவர் சரி என்றால் இருபத்தாறு கிளைக்கும் அதுதான். இல்லையென்றால் படமெல்லாம் பரணுக்கு, பழையபடி தச்சர்.

காலையில் அவள் பூஜை மாடத்தின் முன் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துக் கணவர் வீரராகவன் சிரித்தார். "என்னடி இத்தனை நாழி? பிள்ளையாரை எந்தக் கட்டத்துல உக்கார வைக்கறதுன்னு யோசனையா?"

"அவர் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். உங்க நாற்காலியைத்தான் மாத்தணும், பேப்பரும் கையுமா வழியை மறிக்கறேள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமையே புது மேஜைகளைப் போட்டாகிவிட்டது. பதினாறு மேஜைகள், நான்கு வரிசை, நூல் பிடித்தாற்போல். திங்கட்கிழமை பத்தரைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஷியாமளாவுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் அரைமணிக்குள் அறையில் எல்லோருடைய கைக்குட்டையும் வெளியே வந்துவிட்டது.

அந்தக் கிளையின் பியூன் மருதமுத்து, சேலத்துக்காரர், அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ."

"கொஞ்சம் மேல பாருங்க."

பார்த்தாள். நான்கு மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. மூன்று, ஆள் நடக்கும் வழிக்கு மேலே. நான்காவது, இரும்பு அலமாரிக்கு நேர் மேலே.

"பீரோவுக்கு நல்லா காத்து வருதும்மா" என்றார் மருதமுத்து.

தலைமைக் குமாஸ்தா ஹரிபதா பாபுவும் அண்ணாந்து பார்த்தார். பத்தொன்பது வருஷமாக விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தவர். அந்த அலுவலகத்தில் விசிறிக்கு அடியில் இடம் என்பது பதவி உயர்வுக்குச் சமம். வருஷக்கணக்காகக் காத்திருந்தால்தான் கிடைக்கும்.

"ஏன் மா, அந்த அலமாரி எனக்கு சீனியரா?" என்று கேட்டார். அறை முழுதும் கொல்லென்று சிரித்தது.

ஷியாமளாவுக்கு முகம் சிவந்தது. இருபத்தாறு தரைகளை மூலைமுடுக்கு விடாமல் அளந்தவள், ஒரு கிளையில்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூண் இருந்தது, கதவு இருந்தது, தண்ணீர்ப்பானைக்குக்கூடக் கட்டம் இருந்தது. கூரை மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

ஷியாமளாவின் மேலதிகாரி பாக்சி அவளை ஓரமாக அழைத்தார். "ஜோனல் மேனேஜர் பத்து நிமிஷம்தான் இருப்பார். வரிசையைப் பார்ப்பார், தலையாட்டுவார், போவார். யாரும் வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அது ஹரிபதா பாபுவின் காதில் விழுந்தது. "அதுக்கென்ன? உனக்காகப் பத்து நிமிஷம் வேர்த்துக்கிட்டே சிரிக்கிறோம் மா. கவலைப்படாதே."

அந்த நல்ல மனசுதான் அவளைத் தடுத்தது. இவர்கள் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்வார்கள். டாக்குரியா கிளையிலும் கரியாஹாட் கிளையிலும் இருப்பவர்கள் வருஷம் முழுக்க அல்லவா வேர்த்துக்கொண்டிருப்பார்கள்! தெரிந்தே ஒருவரை வெக்கையில் உட்காரவைத்துவிட்டு மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டால், சுவாமி அதை எப்படி ஏற்றுக்கொள்வார்?

"வேண்டாம். தப்பு என்னுடையது. படத்தில் விசிறியே இல்லை. பன்னெண்டு மணிக்குள்ள மாத்தணும். எல்லாரும் கை கொடுப்பீங்களா?" என்று நடு அறையில் நின்று கேட்டாள்.

"எப்படி மாத்துவே? விசிறி நாலு, ஆள் பதினாறு" என்றார் பாக்சி.

ஹரிபதா பாபு எழுந்து, தன் மேஜையை விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டார். கடைசி வரிசையில், சுவரோரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நந்திதா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பழைய ஏற்பாட்டிலும் அவளுக்குக் காற்று கிடையாது.

"நந்திதா, உன் மேஜையை இங்கே தள்ளு. என் மேஜையோடு ஒட்டிப் போடு. இன்னும் ரெண்டு பேர் வாங்க. ஃபேன் நடுவில இருக்கட்டும், ஆளுக்குக் கால்வாசி."

பத்தொன்பது வருஷ உரிமையை மனிதர் ஒரு வாக்கியத்தில் பங்கு போட்டுவிட்டார். அவர் செய்தபின் வேறு யார் மறுப்பது? இன்னும் இருவர் மேஜையைத் தூக்கி வந்தார்கள். நான்கு மேஜைகள் எதிரும் புதிருமாகச் சேர்ந்து, விசிறிக்கடியில் ஒரு பூப்போல ஆயின.

"நாலு பெங்காலிகளை எதிரெதிரே உக்கார வெச்சா அரட்டைதானே நடக்கும்!" என்று பாக்சி தலையில் கைவைத்தார்.

"அது எப்பவும் நடக்குது ஸார். இனிமே கழுத்து வலிக்காம நடக்கும்" என்றார் மருதமுத்து.

சிரிப்பும் இழுப்புமாக இரண்டாவது பூவும் மூன்றாவது பூவும் மலர்ந்தன. இரும்பு அலமாரியை ஓரமாகத் தள்ளி, நான்காவதையும் முடித்து மருதமுத்து நிமிர்வதற்கும், ஜோனல் மேனேஜர் வாசலில் நுழைவதற்கும், மின்சாரம் போவதற்கும் சரியாக இருந்தது.

"லோட் ஷெட்டிங்!" என்று அறை ஒரே குரலில் கத்தியது.

நான்கு விசிறிகளும் மெல்லத் தள்ளாடி நின்றன. ஜோனல் மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "படத்தில் வரிசை என்று இருந்ததே?"

ஷியாமளா ஒன்றையும் மறைக்கவில்லை. விசிறியை மறந்தது, இவர்களே மேஜைகளை மாற்றிப் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்போது விசிறியும் இல்லையே அம்மா. என்ன செய்வீர்கள்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நந்திதா தன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். "ஹரிபதா பாபு, ஜன்னல் பக்கம்! ஏரிக்காத்து வரும். அந்தப் பக்கம் பிடிங்க!"

மேஜைகள் புறப்பட்டன. யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. தெற்கு ஜன்னல் ஓரம் எட்டு, கிழக்கு ஜன்னல் ஓரம் எட்டு. கோப்புகள் மேஜைமேல் இருந்தபடியே இருந்தன. ஜோனல் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது நிமிஷம்" என்றார். "தச்சர் எங்கே?"

"இங்கே எல்லாருமே தச்சர்தான் ஸார்" என்றார் ஹரிபதா பாபு, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஜோனல் மேனேஜர் ஒரு நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காற்று வந்தது. மருதமுத்து மண்பானைத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மேனேஜர் ஷியாமளாவைப் பார்த்தார். "இருபத்தாறு கிளைக்கும் இதே மேஜை போகட்டும். ஆனால் எல்லாப் படத்தையும் மறுபடி போட வேண்டும். முதலில் விசிறி, அப்புறம் ஜன்னல், கடைசியில் மேஜை. எத்தனை நாள் ஆகும்?"

"நாளைக்கே டாக்குரியாவில் ஆரம்பிக்கிறேன் ஸார்."

மறுநாள் டாக்குரியா கிளைக்குள் நுழைந்தவள், யாருக்கும் நமஸ்காரம்கூடச் சொல்லாமல் அண்ணாந்து பார்த்தபடி நடு அறைக்குப் போய் நின்றாள். பல்லி விழப்போகிறதோ என்று பதறி, அங்கிருந்த பதினொரு பேரும் கூடவே அண்ணாந்து பார்த்தார்கள்.

"மூணு ஃபேன்" என்று சந்தோஷமாக எண்ணிச் சொல்லிவிட்டு, ஷியாமளா பென்சிலை எடுத்தாள்.