இடது கைப்பிடி

மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டியின் இடது கைப்பிடி ரப்பர் என் கையோடு கழன்று வந்தது. ரப்பர் ஒரு கையில். வழுக்கும் வெறும் குழாயில் இரண்டு விரல். பக்கத்தில் ஒரு பஸ். அதன் பின் டயர் என் முழங்காலை உரசிவிடும் தூரத்தில் சுழன்றது. கிளட்ச் பிடிக்க முடியவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன். எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. பஸ் ஓட்டுநர் திட்டிய வார்த்தை மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் நான் என்ஜினியர். அன்றைக்கு ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஒரு முதியவர் மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் வேறு ஆள் வந்து கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்துவிட்டான். சூப்பர்வைசர் என் எண்ணெய்க் கையைப் பார்த்தார்.

"மறுபடியும் வண்டியா? ஒண்ணு வண்டியை மாத்து, இல்ல வேலையை மாத்திக்கோ. மாசக் கடைசியில உன்னை நிரந்தரம் பண்ணணுமா வேணாமான்னு நான்தான் எழுதணும். இன்னொரு தடவை லேட்டா வந்தா நான் யோசிக்கவே மாட்டேன்."

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வேலை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. அதை ஒரு துண்டு ரப்பருக்குப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

இத்தனைக்கும் ரப்பர் மாட்டுகிற வேலையை ஒழுங்காகச் செய்திருந்தேன். குழாயைப் பெயின்ட் தின்னர் விட்டுத் துடைத்து, புது ரப்பரை அழுத்தி ஏற்றி, காயும்வரை தொடாமல் விட்டேன். அப்படிச் செய்தால் உடும்புப் பிடியாகப் பிடிக்கும். பிடித்தது. சில நாளில் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. வலது பக்கம் கல் மாதிரி இருந்தது. இடது பக்கம் மட்டும் இந்தக் கூத்து. ரப்பருக்குக் காலா இருக்கிறது, தானாக நகர? யாரோ கை வைக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க நேரமே ஆகவில்லை. அண்ணன்தான். அது அப்பா விட்டுப்போன வண்டி. லேத் பட்டறைக்கு அவன் பஸ்ஸில் போகிறான். நான் அப்பாவின் வண்டியில் போகிறேன். பார்க்கும்போதெல்லாம், "வண்டி ஓட்டுறதுக்குமா டிகிரி குடுக்கறாங்க?" என்பான். தடயம் தேடி அவன் நகக்கண்ணைக் கவனித்தேன். கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவே இல்லை. அவ்வளவு கைதேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

"வண்டிக் கைப்பிடி ரப்பரைத் தொட்டியா?" என்று நேராகவே கேட்டேன்.

"எந்த வண்டி?"

"நம்ம வாசல்ல ரயிலா நிக்குது? ஒரே வண்டிதானே இருக்கு!"

"ஏய் என்ஜினியரே, எனக்கு வண்டி வேணும்னா சாவியைத் திருடுவேன். ரப்பரைக் கழட்டி என்ன பண்ணப் போறேன், மெல்லவா?"

"உனக்கு வயித்தெரிச்சல்."

"இருக்கு. யாரு இல்லேன்னா? ஆனா வயித்தெரிச்சலுக்கெல்லாம் நேரம் வேணும். எனக்கு எங்க நேரம்?"

உள்ளே அம்மாவின் தையல் மெஷின் நின்றது. "அவன் செய்ய மாட்டான், விடு," என்றாள் தலையைத் தூக்காமல். எப்போதும் போல மகன் கட்சி என்று எண்ணிக்கொண்டு, அவள் மேலும் கோபப்பட்டேன்.

அதன்பின் அண்ணன் பட்டறை வேலையாக வெளியூர் போனான். நிம்மதியாகப் புது ரப்பர் ஒன்று வாங்கி, சாயங்காலமே மாட்டினேன். காலையில் குளித்துவிட்டு வந்து வண்டியைத் தள்ளினால், ரப்பர் என் உள்ளங்கையில் வழுக்கிச் சுழன்றது.

ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பி உருவினேன். உள்ளே எண்ணெய் ஈரம். லேத் பட்டறை எண்ணெய் கறுப்பாக, நாறிக்கொண்டு இருக்கும். இது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, வாடையே இல்லை. எண்ணெயோடு ரப்பரின் உள்சுவரில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. கருநீல நூல். அந்த மாதம் முழுக்க அம்மா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள், கருநீலத்தில். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பாட்டில் எப்போதும் இருக்கும், கொக்கு மூக்கு மாதிரி நீண்ட முனையோடு. ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைவதற்கென்றே செய்தது போன்ற முனை.

நூலை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

"அம்மா, இது என்ன?"

"நூலு."

"எங்க இருந்துச்சு தெரியுமா?"

"கீழ கிடந்திருக்கும். வீடு பூரா நூலுதான்."

"கைப்பிடி ரப்பருக்குள்ள இருந்துச்சு."

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்ட ஒன்றும் இல்லை. திரும்ப வைத்தாள். "காத்துல பறந்து போயிருக்கும்."

"எண்ணெயும் பறந்துதான் போச்சா?"

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "நீ குளிக்கப் போறப்ப ரெண்டு சொட்டு விடுவேன். அவ்வளவுதான். அதுக்கு என்ன இப்ப?"

"ஏம்மா?"

"ஏனா? வேலை நிரந்தரமாச்சுன்னா வேற ஊருக்குப் போயிடுவேன்னு போன்ல சொன்னியே, என்கிட்ட சொன்னியா? சிரிச்சு சிரிச்சு யார்கிட்டயோ சொன்ன. யாருடி அது?"

"கூட வேலை பாக்கறவ."

"அவளா, அவனா?"

சந்தேகம் எனக்கு மட்டுமே சொந்தம் என்று இருந்தேன். நான் அண்ணனின் சட்டையை மோந்துகொண்டிருந்த நாளெல்லாம், இவள் என் சிரிப்பை மோந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நான் செத்திருப்பேன்மா."

"வாயைக் கழுவு! ரப்பர் கழண்டு யாராவது சாவாங்களா? நான் பிரேக்கைத் தொட்டேனா? டயரைத் தொட்டேனா? வலது பக்கம் முறுக்கறது, அது ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? இடது பக்கம் சும்மா பிடிச்சுக்கறதுதானே. கழண்டா வண்டி சரியில்லேன்னு வீட்டுல இருப்ப. நாலு நாள் போகலேன்னா அவங்களே வேணாம்னு சொல்லிடுவாங்க."

அப்பா ஓட்டும்போதும் சரி, நான் ஓட்டும்போதும் சரி, அம்மா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் வந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் இடது கை சும்மா இருப்பது போலத்தான் தெரியும். வண்டியிலேயே யாருக்கும் தீங்கு வராத இடம் எது என்று யோசித்து யோசித்து, கைப்பிடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த அக்கறைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

"எந்திரி. வா வெளிய."

தெரு எங்கள் வாசலிலிருந்து சரிவாக இறங்கும். எண்ணெய் ரப்பரைத் திரும்ப மாட்டி, இன்ஜினைப் போடாமல், அவளை முன்னால் உட்கார வைத்தேன். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கெட்டியாப் பிடி" என்று தள்ளினேன். வண்டி நகர்ந்ததும் பயந்து இரண்டு கையாலும் இறுக்கினாள். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. இடது கை ரப்பரோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது. முன் சக்கரம் வெடுக்கென்று திரும்பி வண்டி சாய்ந்தது. அலறினாள். நான் முழு பலத்தோடு இழுத்து நிறுத்தினேன்.

இறங்கி நின்றாள். கையிலிருந்த ரப்பரையும் பல்லிளித்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சமாதானம் சொல்லவில்லை. குனிந்து என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "பஸ் டயர் இங்க இருந்துச்சு."

அவள் உள்ளே போய் சுத்தமான வெட்டுத்துணி ஒரு கை நிறைய எடுத்துவந்து நீட்டினாள். "எதை விட்டுத் தொடைக்கணும்?"

தின்னரைக் கொடுத்தேன். துடைத்தாள். அவள் துடைத்த இடத்தை நான் மறுபடியும் துடைத்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரப்பரின் உள்ளேயும் கழுவி, ஈரம் காய்வதற்குள் அழுத்தி ஏற்றி, இரண்டு முனையிலும் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கினேன். முறுக்கின நுனி கையைக் கிழிக்காதபடி கீழ்ப்பக்கமாக மடக்கிவிட்டேன். காயும்வரை தொடக்கூடாது. அன்றைக்கு பஸ்தான்.

அம்மாவையும் வண்டியையும் நாள் முழுக்கத் தனியாக விட்டுப் போகவேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? ரப்பருக்குப் பூட்டு கிடையாது. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து என் பையில் போட்டேன்.

"அப்ப மெஷினுக்கு?" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும் வறண்டு ஓடட்டும்."

பஸ்ஸில் போயும் தாமதமாகவில்லை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ரப்பர் அசையவில்லை. ஒரு அழைப்புக்கும் நான் பிந்தவில்லை. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே என்னை நிரந்தரம் என்று எழுதினார். ஊர் மாற்றமும் கூடவே வந்தது. போகிறேன் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். போனில் பேசிச் சிரித்தவளையும் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, பொண்ணுதான்" என்றாள். அண்ணன், "என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு தோணவே இல்லையா?" என்றான். "கேட்டேன்னு வச்சுக்கோ," என்றேன்.

கிளம்புகிற அன்று பையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வந்தாள். என்னிடம் எதுவும் கேட்காமல், இடது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். வண்டி ஆடியது, ரப்பர் ஆடவில்லை. பிறகு வலது பக்கத்தையும் அதேபோல இழுத்தாள்.

"அசையல. போ," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.