ஆளில்லாத வீட்டுக்கு முதற்பரிசு

1

2024ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மாத்தளை மாவட்டத்தில் பல்லேபொலவுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், மின்சாரத்தை மிகச் சிக்கனமாகப் பாவித்த பசுமை வீட்டுக்கான முதற்பரிசு ஒன்பதாம் இலக்க வீட்டுக்கு வழங்கப்பட்டது. அந்த வீட்டில் ஆறு வருடங்களாக யாரும் வசிக்கவில்லை.

இந்தக் கதை என் கைக்கு வந்தது இவ்வளவுதான். நாலந்தாவில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மீதியை நான் எழுதினேன். ஆகவே கீழே எங்காவது நம்பமுடியாத இடம் வந்தால், அது பெரும்பாலும் அவர் சொன்னது. நம்பும்படியான இடங்கள் என்னுடையவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி விலகும் ஒரு காலையில், பச்சை மலைகளின் மடியில், ஸுபைதா தன் கூந்தலை—

விட்டுவிட்டேன். பனியெல்லாம் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம். இங்கே டிசம்பரில் மழைதான், அந்த மழை இந்தக் கதைக்கு வேண்டும்.

பசுமை வாழ்வு என்பது நாளைய தலைமுறைக்கு நாம்—

இது மேடைப் பேச்சு. மாலை போடுவதற்கு முன் நிறுத்தினேன்.

மூன்றாவது முறை எழுதிய வரி: ஸுபைதாவுக்கு மிளகு காய வேண்டும்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

ஸுபைதா பதினான்காம் இலக்க வீட்டுக்காரி. கணவர் றஹீம் மாத்தளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் மிளகுக்கொடி. அதைப் பார்ப்பது அவள்தான். காய் முற்றுவதும் அடைமழை தொடங்குவதும் ஒரே மாதத்தில். வெயில் இல்லாவிட்டால் மிளகில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் வியாபாரி கையாலும் தொடமாட்டான். இரண்டு வருடத்துக்கு முன் மின்சாரத்தில் ஓடும் ஒரு ட்ரையர் வாங்கினார்கள். அதை ஓட்டினால் மிளகு நன்றாகக் காயும், ஆனால் விற்ற காசு அப்படியே கரண்ட் பில்லுக்குப் போகும்.

இந்த நிலையில்தான் குடியிருப்புச் சங்கம் போட்டி அறிவித்தது. மூன்று மாதத்தில் மிகக் குறைவாக மின்சாரம் பாவித்து, குப்பையைக் குறைத்து, பச்சையாக வாழும் வீட்டுக்குப் பரிசு, யாரோ நன்கொடையாகக் கொடுத்த சோலர் தகடுகளும் பற்றரியும். அதைக் கூரையில் ஏற்றிவிட்டால் ட்ரையர் சும்மா ஓடும்.

அவள் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ட்ரையரை ஓட்டுவதற்கான பரிசை வெல்ல, முதல் வேலையாக ட்ரையரை நிறுத்தினாள்.

3

(இந்தப் பகுதியைச் சுருக்குகிறேன். முதல் பிரதியில் நாலு பக்கம் இருந்தது. சிக்கனத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதக்கூடாது.)

ப்ரிட்ஜ் நின்றது. அயன் போடாமல் சட்டை சாரங்களை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பெடுத்தார்கள். கைபேசிகள் றஹீமின் ஹாட்வெயார் கடையில் சார்ஜ் ஆகி வந்தன. நவம்பர் கடைசியில் முதல் பறிப்பு வந்தபோது மழை பதினொரு நாள் விடவில்லை. ஸுபைதா மிளகைக் கட்டிலில் பரப்பி, மேலே பாய் விரித்து, கணவரைப் பார்த்தாள்.

“இதுல நான் படுக்கணுமா?”

“உடம்புச் சூட்டுல காயும்.”

“நான் என்ன ட்ரையரா?”

“ட்ரையர் யூனிட் எடுக்கும். நீங்க எடுக்கமாட்டீங்க. படுங்க.”

மூன்று நாள் தும்மிக்கொண்டே படுத்தார். நான்காம் நாள் பதினாறு கிலோவிலும் பூஞ்சணம். றஹீம் முதுகை மட்டும் காட்டினார். மிளகு மிளகாகப் பதிந்திருந்தது.

கொடியில் இன்னும் முக்கால் பங்கு காய் இருந்தது. அது ஜனவரி நடுப்பகுதி வரை தாங்கும். அதற்குள் பரிசு வந்துவிட்டால் போதும்.

4

சங்கத்தின் செயலாளர் ஞானசுந்தரம். அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருடம் வீட்டுத்தோட்டப் போட்டியில் நடுவர் தன் மருமகனுக்கே முதலிடம் கொடுத்துவிட்டதால், இந்த முறை இரண்டு ஏற்பாடு செய்தார். நடுவர்கள் ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வருவார்கள். படிவத்தில் வீட்டாரின் பெயர் இருக்காது, வீட்டு இலக்கம் மட்டும். பெயர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குடியிருப்பிலுள்ள எல்லா இலக்கங்களும் படிவத்தில் ஏறின. விட்டுவிட்டால் பாரபட்சம் என்பார்கள்.

ஒன்பதாம் இலக்கத்தின் படிவத்தை அவர் பரிசளிப்புக் கூட்டத்தில் வாசித்தார்:

“மின்பாவனை, பூச்சியம். பிளாஸ்டிக், இல்லை. இரைச்சல், இல்லை. கூட்டெரு, வளவெங்கும் முழங்கால் அளவு இலைச்சருகு. உயிரினங்கள், கூரையில் மரநாய்க் குடும்பம், கிணற்றடியில் ஓர் உடும்பு. வீட்டாரின் நடத்தை, மிக அடக்கமானவர்கள். வந்தவர்களுக்குத் தேநீர் வைத்து எரிவாயுவை வீணாக்கவில்லை. மொத்தம் தொண்ணூற்றேழு.”

பதினான்காம் இலக்கத்துக்குத் தொண்ணூற்றொன்று. இஞ்சித் தேநீர் மிக நன்றாக இருந்ததாக நடுவர்கள் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு புள்ளி கழித்திருந்தார்கள்.

ஸுபைதா எழுந்தாள். “ஒன்பது பூட்டுன வீடு சேர்.”

“பூட்டுன வீடு, தெறந்த வீடுன்னு படிவத்துல கட்டம் இல்லையே தங்கச்சி.”

“ஆளே இல்லாத வீடு கரண்ட் பாவிக்காததுல என்ன கெட்டித்தனம் இருக்கு?”

“பாவிக்கலதானே. நாங்க அதத்தானே கேட்டோம்.”

பின்வரிசையில் புஹாரி நானா, குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “அப்ப நாமளும் ஊட்டப் பூட்டிட்டுப் போயிடுவோம். ஊரே பச்சையாகிடும்.”

சிரித்தார்கள். ஸுபைதா சிரிக்கவில்லை.*

* ஞானசுந்தரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. மூன்று மாதம் விளக்குப் போடாமல் ஆறு மணிக்கு முன் சாப்பிட்டவர் இவர். அந்த இருட்டில் மனைவி சந்திரவதனா படியில் கால் பிசகி விழுந்து, இன்னும் நொண்டுகிறார். அப்படியும் இவர்களுக்கு மூன்றாமிடம்தான். “முப்பத்தாறு வருசம் கந்தோர்ல இருந்தாரு,” என்று சந்திரவதனா என்னிடம் சொன்னார். (சொல்லவில்லை. நான் எழுதினேன்.) “கையெழுத்துப் போட்ட கடதாசிய ஒரு தடவையாவது திருத்துனாரான்னு கேளுங்க.”

5

அன்று சங்கம் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பரிசு பெற்றவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கலாம். தெரிவிக்காவிட்டால் ஆட்சேபமில்லை எனக் கொள்ளப்படும். எல்லாக் கந்தோரிலும் அப்படித்தான்.

ஒன்பதாம் இலக்கத்தின் சொந்தக்காரி லக்ஷிகா வெளிநாட்டில். எந்த நாடு என்பதில் ஊருக்குள் மூன்று கருத்து. சங்கத்தின் பதிவேட்டில் அவருடைய முகவரி இருந்தது: இலக்கம் 9.

ஞானசுந்தரம் அன்றே கடிதத்தைக் கேற்றில் கட்டப் போனார். மழை தூறியது. பிளாஸ்டிக் உறை கொண்டுபோயிருந்தார். கட்டும் நேரத்தில் யோசித்தார்: பிளாஸ்டிக் போட்டால் அந்த வீட்டுக்கு ஒரு புள்ளி குறையும். திரும்பி வந்து வாழையிலை வெட்டிச் சுற்றினார்.

டிசம்பர் 29 வரை பதில் வரவில்லை. ‘ஆட்சேபம் இல்லை’ என்று கூட்ட அறிக்கையில் ஏறியது. 31ஆம் திகதி தகடுகள் ஒன்பதாம் இலக்கக் கூரையில் ஏறின. கதவு பூட்டியிருந்ததால், பொருத்தவந்தவர்கள் பற்றரியையும் பிளக் பொயின்ட்டையும் வெளியே முன்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

எடுக்க ஆள் இல்லாத வீட்டில், மழை மூட்டத்திலும் பற்றரி தினமும் மத்தியானத்துக்குள் நிறைந்தது. நிறைந்ததும் கீச்சென்று ஒலி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பொழுதுபடும்வரை. பதினான்காம் இலக்கத்தின் குசினிவரை கேட்டது. கறிக்கு அரிந்துகொண்டிருந்த ஸுபைதா அரிவாளை வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

6

இந்த இடத்தில் கதை ஒரு வாரம் நின்றது. எனக்கு வழி தெரியவில்லை. அடுத்து வரும் யோசனை ஸுபைதாவுடையது என்றே எழுதுகிறேன். எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது.

ஜனவரி முதலாம் திகதி அவள் ஒன்பதாம் இலக்க வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தங்கள் முன்கூடத்துப் பிளக்கில் என் ட்ரையரைப் பொருத்தி மிளகு காயவைக்க விரும்புகிறேன். காய்ந்ததில் பத்தில் ஒரு பங்கு தங்களுக்கு. ஆட்சேபம் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

றஹீம் இரண்டு தடவை வாசித்தார். “ஆளில்லாத ஊட்டுக்குக் கடிதமா?”

“ஆளில்லாத ஊட்டுக்குப் பரிசு குடுத்தாங்களே.”

“ஹராமாகிடாதா?”

“அதுக்குத்தானே கேட்டு எழுதுறேன். கேக்காம எடுத்தாத்தானே ஹராம்.”

றஹீம் தாடியைச் சொறிந்தார். “பதில் வந்தா?”

“வந்தா விட்டுடுவோம்.”

“வராட்டி?”

“முதுகக் காட்டுங்க.”

அவர் காட்டவில்லை. கடிதத்தின் பிரதியைச் செயலாளரிடம் கொண்டுபோகச் சொன்னார்.

ஞானசுந்தரம் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். சந்திரவதனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஞானசுந்தரம் கடதாசியைத் திருப்பி நீட்டினார்.

“திகதி போடல தங்கச்சி.”

“போடணுமா சேர்?”

“திகதி இல்லாத கடிதத்துக்குப் பதினாலு நாள எங்கேருந்து எண்ணுறது?”

தன் பேனையையே கொடுத்தார். ஸுபைதா ஜனவரி 1 என்று போட்டாள், போய்க் கடிதத்தை ஒன்பதாம் இலக்கக் கேற்றில் கட்டினாள். அவர் விளங்கிக் கொடுத்தாரா, பழக்கத்தில் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேனையைக் கொடுத்தவர் முகத்தை எழுதப் பார்த்து மூன்று வரி அடித்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

அ. பதின்மூன்றாம் நாள் லக்ஷிகா வந்து இறங்குகிறார், வாழையிலைக்குள் இருந்த கடிதத்தை வாசித்து அழுகிறார்— (அழமாட்டார். வாழையிலையும் அதற்குள் மாடு தின்றுவிட்டது.)

ஆ. மரநாய் வயரைக் கடித்து— (சோம்பேறித்தனம். என்னுடையது, மரநாயுடையதல்ல.)

இ. அடுத்த வருடப் போட்டிக்கு இருபத்தாறு வீட்டாரும் வீட்டைப் பூட்டிவிட்டு மாத்தளை பஸ் நிலையத்தில் குடியிருந்து, சமமாகத் தொண்ணூற்றேழு— (ஆசையாக இருந்தது. ஆனால் ஸுபைதாவின் மிளகு இதில் எங்கே?)

ஆகவே நடந்த அளவுக்குச் சொல்கிறேன். பதினான்கு நாள் முடிந்து 16ஆம் திகதி, பறித்த காய்ச் சாக்குகளோடும் ட்ரையரோடும் ஒரு த்ரீவீல் ஒன்பதாம் இலக்கக் கேற்றடிக்கு வந்தது. மழை. கேற்றுக்கு முன்னால் குடையோடு ஞானசுந்தரம் நின்றார். கையில் கூட்ட அறிக்கைப் புத்தகம். ஸுபைதா இறங்கினாள். பற்றரி உள்ளே கீச்சென்றது.

ஞானசுந்தரம் சொன்னார்: “ …………………… ”

இந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். நான் நிரப்பிய எதுவும் அவர் குரலில் இல்லை. நீங்கள் எதை நிரப்பினாலும் கீழே உள்ளது மாறாது.

2025 ஜனவரி 21ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு, இலக்கம் ஒன்பதின் முன்கூடத்தில் நாற்பத்திரண்டு கிலோ பச்சை மிளகும் காய்ந்து முடிந்தது. மழை 24ஆம் திகதி விட்டது. 25ஆம் திகதி காலை பஸ்ஸில் றஹீம் ஒன்பதாம் இலக்கத்தின் பங்கு போக மீதி மிளகை மாத்தளைக்குக் கொண்டுபோய் விற்றார்.