லேபிளில் இருந்த சிவப்பு

டமால் என்று சத்தம் கேட்டபோது, நாரணாபுரத்தில் அது என்ன சத்தம் என்று யாரும் விசாரிக்கவில்லை. அப்படி விசாரித்துக்கொண்டு நிற்கிற ஊர் இல்லை அது. சங்கிலிமுத்துவின் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு கேட்டைப் பார்த்து ஓடினார்கள். போர்மேன் ஊர்க்காவலன் வேப்பமரத்தடியில் எல்லோரையும் நிறுத்தித் தலைகளை எண்ணினார். ஒரு தலையும் குறையவில்லை. எந்த ஷெட்டிலும் புகையும் இல்லை. புகை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முதலாளி வீட்டுக் கார் கொட்டகையில் இருந்து வந்துகொண்டிருந்தது.

எல்லோருமாக அங்கே போனார்கள். முகத்தில் கரியோடு சங்கிலிமுத்து நின்றார். அவர் பக்கத்தில் விருதுநகர் மெக்கானிக் சாலமன்ராஜ், ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டவர் முகத்தோடு நின்றார். சங்கிலிமுத்துவின் சின்ன வயசில், அவர் அப்பா இறந்த வருஷம் கொட்டகைக்குள் விட்ட மஸ்டாங் கார் அன்றைக்குத்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகியிருந்தது. சைலன்சருக்குள் குடியிருந்த எலிக்கூடு பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரி வெட்டுகிற சின்னத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மொதலாளி, இம்புட்டுச் சத்தம் போடுற சரக்கு நம்ம கம்பெனில ஒண்ணுகூடக் கெடையாதே. இதையே பெட்டி கட்டி லோடு ஏத்திருவமா?"

சங்கிலிமுத்து எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். காரை விற்காவிட்டால் கம்பெனியே இருக்காது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்று சொல்லி, லைசென்ஸை அதிகாரிகள் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கும் சுடலையின் கரட்டு நிலத்தை வாங்கி ஒரு ஷெட்டைத் தள்ளிக் கட்டினால்தான் அடுத்த சீசன். சுடலை மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். நிலத்தின் விலைக்கு ஈடாகச் சங்கிலிமுத்துவிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

வாங்க வருகிறவர் கோயம்புத்தூர் நேசகுமார். பழைய அமெரிக்கக் கார்களைச் சேர்க்கிறவர். போனில் தன் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கார் கம்பெனியில் இருந்து வந்த பெயின்ட் அப்படியே இருந்தால் முதல் விலை, துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே யாராவது வேறு நிறம் அடித்திருந்தால், பழைய நிறத்துக்கே சரியாகத் திரும்பக் கொண்டுவந்த காருக்கு அடுத்த விலை. அதுவும் நல்ல விலைதான். ஒரிஜினல் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இஷ்டத்துக்கு நிறம் அடித்த கார் அவருக்கு வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

போனை வைத்ததுமே, மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், சங்கிலிமுத்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். கார் நீலமாக இருந்தது. தூசியைத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் நீலமாகத்தான் இருந்தது. அவருக்குத் திக்கென்றது. ஏனென்றால் அந்தக் காரின் நிறம் சிவப்பு.

அது ஊருக்கே தெரியும். 1971-இல் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை முடிந்து போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் அப்பா அந்தக் காரை வாங்கினார். அந்த வருஷமே 'கார் மார்க்' லட்சுமி வெடி வந்தது. லேபிளில் அதே மஸ்டாங், ரத்தச் சிவப்பில், சக்கரத்துக்குக் கீழே மஞ்சள் தீப்பொறி பறக்கப் பாய்ந்து போகும். இன்றைக்கு வரைக்கும் அதே லேபிள்தான். சின்ன வயசில் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தது சங்கிலிமுத்துவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நினைவில் கார் எப்போதும் பக்கவாட்டிலேயே போகும், சக்கரத்துக்குக் கீழே தீப்பொறி பறக்கும். அதைப் பற்றி அவர் மேற்கொண்டு யோசித்ததில்லை.

ஆகவே அப்பா நடுவில் எப்போதோ நீலம் அடித்திருக்கிறார் என்று முடிவு செய்தார். முதல் விலை போயிற்று. இரண்டாவது விலையையாவது பிடிக்க வேண்டும்.

இதில் சாலமன்ராஜுக்கும் முழுச் சம்மதம். "அண்ணாச்சி, வெளுத்துப்போன தகரத்துக்கு எவன் துட்டுக் குடுப்பான்? லேபிளைக் குடுங்க, அதே கலருல கொண்டாந்து நிறுத்துதேன்" என்றார். லேபிளைப் பெயின்ட் கடைக்கே எடுத்துப்போய் நிறம் கலந்து வாங்கி வந்தார். காரின் வலது பக்கத்தைத் தகரம் தெரியத் தேய்த்து, சிவப்பு அடித்தார். கதவு ஓரத்தில் ஏதோ நம்பர் போட்ட ஒரு தகடு துருவோடு அசிங்கமாக இருந்தது. உப்புத்தாளால் அதையும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த நேசகுமார் வெள்ளிக்கிழமையே வந்து நின்றார். மதுரையில் ஒரு வேலையாக வந்தாராம்.

அவர் முதலில் பார்த்தது இடது பக்கம். வெளுத்த நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு வலது பக்கம் போனார். அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தகட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

"என்ன நிறத்தில் வந்ததுன்னு இந்தத் தகட்டில்தாங்க இருந்திருக்கும்" என்றார்.

சாலமன்ராஜ் டீ குடிக்கப் போனார்.

நேசகுமார் நிதானமாகவே பேசினார். கார் கம்பெனி அடித்தது நீலம் என்றால், தொடாமல் இருந்த ஒரு காரில் பாதியை அழித்தாகிவிட்டது, அவர் இப்படியே கோயம்புத்தூர் போக வேண்டியதுதான். கம்பெனி சிவப்பு என்றால் நீலம்தான் இடையில் வந்தது, மீதிப் பாதிக்கும் அவரே சிவப்பு அடித்துக்கொள்வார், இப்போதே செக் எழுதுவார். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழையதைச் சுரண்டிவிட்டு அடித்திருந்தால் நீலத்துக்கு அடியில் பார்த்தும் பயனில்லை.

சங்கிலிமுத்து உள்ளே ஓடி, அப்பா காலத்து லேபிள் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஓரத்தில் வருஷம் அச்சாகியிருந்தது. கார் வந்த அதே வருஷம்.

நேசகுமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முன்பக்கக் கம்பிவலை, சக்கரத் தட்டு, கதவுக் கைப்பிடி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. காரைப் பார்க்காமல் யாரும் இப்படி வரைந்திருக்க முடியாது என்றார். வீட்டு வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். சங்கிலிமுத்து மனசுக்குள் சுடலையின் நிலத்தில் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில் மினிபஸ் வந்து நின்று, அவர் மனைவி வீரலட்சுமி இறங்கினாள். தங்கச்சி மகள் பிரசவத்துக்காக விருதுநகரில் போய் இருந்தவள் அன்றைக்குத்தான் திரும்புகிறாள். வந்தவரை வாங்க என்று கேட்டு, சாப்பிட்டீகளா என்று விசாரித்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்காரர் மகள் அவள். கார் மார்க் லேபிளும் அவள் அப்பா அச்சடித்ததுதான். சங்கிலிமுத்துவே அதைப் பெருமையாகச் சொன்னார்.

நேசகுமார் பேனா மூடியைத் திறந்தபடி, அவளை மரியாதைக்காக ஒரு வார்த்தை பாராட்டினார். இத்தனை வருஷம் கழித்தும் லேபிளில் இருக்கிற சிவப்பு எவ்வளவு நன்றாக நிற்கிறது, உங்கள் அப்பா காரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அச்சடித்திருப்பார் போல என்றார்.

வீரலட்சுமிக்கு அப்பாவைப் புகழ்ந்தால் பிடிக்கும். காரின் வலது பக்கத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"காரு நீலமால்லா இருந்துச்சு. நீலத்துல போட்டா வெடி நமத்துப்போன மாதிரி தெரியும்னு எங்கப்பாதான் சிவப்பாக்கிக் குடுத்தாக."