ரத்தினவேல் பாடம் கேட்கிற விதம்

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எத்தனை மூட்டை ஏற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காத லோடுமேன் ரத்தினவேலுக்கு, மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு போனில் வேர்த்துக் கொட்டிவிட்டது. பேசியது மூன்றாம் வகுப்பு லூர்துராணி டீச்சர்.

"மகாலட்சுமி அப்பாங்களா? கிளாஸ்லயே உங்க பொண்ணுதான் நல்லா வாசிக்கிறா. வீட்ல எப்படிப் படிக்க வைக்கிறீங்கன்னு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல எல்லாருக்கும் செஞ்சு காட்டணும். மறக்காம வந்துடுங்க."

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ரத்தினவேலுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து ஒன்றுதான் தெரியும். அதை மட்டும் கலெக்டர் மாதிரி சுழித்துச் சுழித்துப் போடுவான். இது மனைவி ஜோதிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியக் கூடாது என்பதில் குறியாக இருந்தான். மூட்டை தூக்குகிற அப்பன் என்று சொல்லிக்கொள்ளட்டும். தற்குறி அப்பன் என்று நினைத்துவிட்டால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

பள்ளிக்கூடத்தில் ஓர் ஏற்பாடு. பிள்ளை தினமும் வீட்டில் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்க வேண்டும். பெரியவர்கள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, டைரியில் கையெழுத்துப் போட வேண்டும். ஜோதிக்குப் புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மதிய ஷிப்ட். அவள் எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆக, இந்த உத்தியோகம் ரத்தினவேல் தலையில் விழுந்தது.

அவன் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? மகளின் முகத்தைப் பார்ப்பான். அழுகல் மூட்டையை நல்லது என்று தள்ளிவிடுகிறவன் முகம் ஒரு நொடி எப்படிக் கோணும் என்பது மண்டியில் அவனுக்கு அத்துபடி. பிள்ளை ஒரு சொல்லை முழுங்கினாலும் அதே கோணல்தான். உடனே, "ம்ஹூம். மறுபடி படி" என்பான். சந்தேகம் வந்தால் மறுபடி. வராவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி. ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை படித்த பிள்ளை நன்றாக வாசிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை, குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பெற்றோர்கள். டீச்சர் ரத்தினவேலை முன்னால் உட்கார வைத்து, மகாலட்சுமியுடன் படிக்கும் வளவனை அவன் பக்கத்தில் நின்று வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் பையன் முகம் ஒரு நொடி கோணியது.

"மறுபடி படி தம்பி," என்றான் ரத்தினவேல்.

"கரெக்ட்! ஒரு வார்த்தைய விட்டுட்டான்," என்றார் டீச்சர். கைதட்டல். அடுத்த பக்கத்திலும் பிடித்தான். மறுபடி கைதட்டல். ரத்தினவேலுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பான். கைதட்டல் யாரை விட்டது?

"அந்த வரிய நீங்களே சரியா படிச்சுக் காட்டுங்க சார்." டீச்சர் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார்.

எதிரே மகள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லலாம், தலைவலி என்று சொல்லலாம். ஆனால் பக்கத்தில் வளவன் நின்றான். அத்தனை பேர் பார்க்கத் தப்பு விட்டு, வெட்கப்படாமல் திரும்பப் படித்த பொடியன். அவன் முன்னால் பொய் சொல்ல ரத்தினவேலுக்கு வாய் வரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர். பிள்ளைங்க மூஞ்சியப் பார்த்துத்தான் சொல்றேன்."

டீச்சர்தான் முதலில் சுதாரித்தார்.

"அப்ப டைரில நான் எழுதினதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"பாப்பா படிச்சுக் காட்டும்ங்க. அப்புறந்தான் போடுவேன்."

டீச்சர் டைரியைப் புரட்டினார். "'வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். கண்டிக்கவும்.' இத எப்படிப் படிச்சா?"

"'வகுப்பில் அருமையாகப் பேசுகிறாள். ஐஸ்கிரீம் வாங்கித் தரவும்'னு..."

"வாங்கித் தந்தீங்களா?"

"ரெண்டுங்க."

வகுப்பு சிரித்து உருண்டது. மண்டியில் யார் முகத்தையும் அளந்துவிடுகிற மனுஷன், மகளைப் பற்றிய புகழ்ச்சி காதில் விழுந்ததும் முகம் பார்க்க மறந்திருக்கிறான். மகாலட்சுமி கூரையில் ஓடும் மின்விசிறியை முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எழுதல. வாட்ஸ்அப்ல பேசியே அனுப்புறேன்," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு கை எழுந்தது. வளவனின் அம்மா வெள்ளையம்மாள். "எனக்கும் பேசியே அனுப்புங்க டீச்சர்." அதற்குப் பிறகு இன்னும் மூன்று கைகள்.

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். தெரு முனை வந்ததும் ரத்தினவேல் கேட்டான். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒண்ணாப்புலேர்ந்தே. பஸ் வந்தா போர்டப் பாக்காம, மார்க்கெட் போகுமான்னு கண்டக்டரத்தானே கேப்ப."

"பின்ன ஏன்டி சொல்லல? ஏமாத்தி ஐஸ்கிரீம் திங்கவா?"

"அதுக்கும்தான்," என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பிறகு குரல் இறங்கியது. "சொல்லிட்டா என்னை டியூஷன்ல விட்டுருவ. நீ பக்கத்துல வந்து உக்கார மாட்டியேப்பா."

ரத்தினவேல் நடுத்தெருவில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தான். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை மூட்டை மாதிரி அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போய் அந்த டைரிய எடு. மறுபடி படி," என்றான்.