வெங்காயக் குதிரை

முற்றத்தில் பறைமேளம் தொடங்கியபோது ஆரணி வெங்காயக் கொட்டிலுக்குள், குதிரையின் வயிற்றுக்குக் கீழே குந்தியிருந்து வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னங்கால்தான் மிச்சம். மற்றதெல்லாம் அம்மா பூசி முடித்தது. முந்தாநாள் பின்னேரம், "கை உளையுது பிள்ளை, மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்று தூரிகையை மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் ஊறவைத்துவிட்டுப் போய்ப் படுத்தவள், பிறகு எழும்பவில்லை.

"சனமெல்லாம் உன்னைத் தேடுது. நீ இஞ்சை குதிரைக்குக் கால் கழுவிக்கொண்டிருக்கிறியோ?"

கதிரவேலு மாமா வாசலில் நின்றார். அம்மாவின் தமையன். நேற்றிலிருந்து பந்தல், ஐயர், விறகு எல்லாம் அவர் தலையில்தான். அழுவதற்கு நேரம் கிடைக்காததாலோ என்னவோ, எல்லோர்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுது மாமா. வாறன்."

"நான் கலைக்குழுப் பிரவீணனுக்குச் சொல்லிப்போட்டன். செத்தவீட்டுத் துடக்குச் சாமான், இண்டைக்கு அனுப்ப ஏலாது எண்டு."

"நானும் சொல்லிப்போட்டன். லொறியை அனுப்பச் சொல்லி."

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் முன்பக்கத்திலிருந்து யாரோ ஐயருக்கு நெய் காணாது என்று கூப்பிட, தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் போல பைபரில் வார்த்த குதிரைகளை ஒரு கலைக்குழு ஊருக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தது. ஊரவர் அவற்றுக்கு வர்ணம் பூச வேண்டும், பிறகு அவை சந்திகளில் நிற்கும்; சுன்னாகத்துக்குச் சந்தையடிச் சந்தி. காங்கேசன்துறைக் குதிரையில் கப்பல் ஓடியது. சுன்னாகத்துக்கு மாதிரிப்படம் கொடுத்தவர்கள் எல்லோரும் பனையையும் யாழையும் கீற, அம்மா உதயகலா வெங்காயம் கீறினாள். காதிலிருந்து வால் வரை வெங்காயம். மண் ஒட்டிய வெங்காயம், உரித்த வெங்காயம், தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம். மாமா பார்த்துவிட்டு, "உது குதிரையோ, சாம்பாரோ?" என்று கேட்டார். தெரிவுக்குழுவும் சிரித்தது. வெங்காயம் விற்றுப் பிழைக்கும் சந்தைக்காரர் சிரிக்கவில்லை. வைத்தால் இதைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யப் போவாள். வந்து ஒரு நாள் சுருண்டு கிடப்பாள். மிச்ச நாட்கள் குதிரைக்கு. "இதைச் சந்தியிலை ஒருக்கா நிப்பாட்டிப்போடவேணும்" என்பாள். அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதில்லை.

இன்று பின்னேரம் திறப்பு விழா. மத்தியானத்துக்குள் குதிரை பீடத்தில் ஏறாவிட்டால், பதிலுக்கு வைத்திருக்கும் பனைமரக் குதிரை அங்கே ஏறிவிடும். குழுவில் இருந்த பிரவீணன் பாவம், காலையில் மாமாவுக்கும் ஓம் என்றான், ஆரணிக்கும் ஓம் என்றான். கடைசியில் லொறியை அனுப்பினான்.

லொறி வந்த நேரம்தான் பிழையாய்ப் போனது. வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருக்கும்போது அது ஒழுங்கைக்குள் பின்பக்கமாக ஊர்ந்து வந்து வாசல் படலையில் முட்டிக்கொண்டு நின்றது. பிரேத வண்டி ஏற்கெனவே முற்றத்துக்குள் நின்றது. இரண்டு பக்கமும் கதியால் வேலி. ஒரு வண்டி நிற்க மற்றது போக இடமில்லாத ஒழுங்கை. லொறி வெளியேறாமல் அம்மா வெளியேற முடியாது.

"ராகுகாலம் வரப்போகுது! முதல் உந்த லொறியை வெளியிலை எடு!" என்று மாமா கத்தினார்.

"வெறும் லொறியை எடுத்துக்கொண்டு போகவோ?" என்றான் சாரதி. "குதிரையை ஏத்தச் சொல்லியெல்லே அனுப்பினவை."

ஆரணி யாரிடமும் கேட்கவில்லை. கொட்டில் கதவை அகலத் திறந்துவிட்டாள். பாடை தூக்க நின்ற பெடியள் மாமாவைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு போய்க் குதிரையைத் தூக்கினார்கள். அது வெளிச்சத்துக்கு வந்தபோது முற்றம் முழுக்கத் திரும்பியது. ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட முந்தானையை விலக்கிப் பார்த்தார்கள். மேளகாரர் ஒரு தட்டைத் தவறவிட்டார். சிவப்பும் ஊதாவுமாக அவ்வளவு வெங்காயமும் வெயிலில் பளபளத்தது. ஆரணிக்குப் பெருமையாக இருந்தது. தாய் கிடக்கும் வீட்டில் பெருமைப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஏன் படக்கூடாது என்று தோன்றியது.

குதிரையை ஏற்றியாயிற்று. அம்மாவையும் வண்டியில் ஏற்றியாயிற்று. சாரதி கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கட்டினது காணாது. ஆராவது மேலை நிண்டு பிடிச்சால்தான் எடுப்பன்."

ஆண்கள் எல்லோரும் பிரேத வண்டியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் படலையடியில். அதுதான் அவர்களுக்கு எல்லை. சுடலைக்குப் போவது ஆண்கள். பெண்கள் அந்த இடத்தில் நின்று கதறிவிட்டு, திரும்பி வந்து வீடு கழுவ வேண்டும். ஆரணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு லொறியில் ஏறினாள்.

"இறங்கடி! பொம்பிளைப் பிள்ளை படலை தாண்டுறதோ?"

"நான் சுடலைக்கு வரேல்லை மாமா. குதிரையோடை சந்திக்குப் போறன்."

"செத்தவீட்டிலை ஆரும் சந்திக்குப் போவினமோ? சனம் என்ன கதைக்கும்?"

கொள்ளிச் சட்டியோடு நின்ற அப்பா நிமிர்ந்தார். நேற்றிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியவரில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

"அவள் நிக்கட்டும்" என்றார். "பிடிக்காட்டிக் குதிரை விழுந்திடும்."

மாமா சாரதிக்குக் கையைக் காட்டினார்.

லொறி அசைந்தது. பின்னால் மேளம், அதன் பின்னால் அப்பா, அம்மா, ஊர். ஆரணி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். படலை அவளுக்குப் பின்னால் விலகிப்போனது. பத்து யார் போகவில்லை, சாரதி பிரேக் போட்டான். ஒழுங்கைக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கிய வயரில் குதிரையின் காது இடிக்கப் பார்த்தது.

"பொறு! பொறு! காது உடையப்போகுது!"

மாமாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வளவுக்குள் பாய்ந்தார். மாங்காய் ஆயும் கொக்கத்தடியோடு வந்து வயரை உயர்த்திப் பிடித்தார். "ம், வா... வா... இன்னும் கொஞ்சம்..." குதிரை குனியாமல் கடந்தது. அடுத்த வயருக்கும் அவரே முன்னால் ஓடினார். அந்த ஒழுங்கைக்கு வயருக்குக் குறைவில்லை. கொக்கத்தடியோடு மாமா முன்னே போக, குதிரை வர, மேளம் வர, பின்னால் அவர் தங்கச்சி வந்தாள். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்க அவருக்கு ஒரு கையும் ஓய்வாக இல்லை.

பெருந்தெருவில் பிரேதம் வருகிறதென்று கடைக்கதவுகளைப் பாதி சாத்தியவர்கள், குதிரையைக் கண்டு மறுபடி திறந்து வெளியே வந்தார்கள். பஸ் ஒன்று நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். யாரோ தொப்பியைக் கழற்றினார். அது அம்மாவுக்கா குதிரைக்கா என்று ஆரணி கவலைப்படவில்லை. இரண்டும் ஒன்றுதான். இத்தனை பேர் எழுந்து நின்று பார்க்க, உதயகலா ஒருநாளும் தெருவில் போனதில்லை.

சந்தைக்கு இடப்பக்கம், சுடலைக்கு வலப்பக்கம். பிரிகிற இடத்தில் லொறி ஓரங்கட்ட, பிரேத வண்டி அதை உரசுவதுபோல் மெதுவாகக் கடந்தது. கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் தெரிந்தது. ஆரணி கை கூப்பவில்லை. குதிரையை விடமுடியாது.

மாமா கொக்கத்தடியை அவளிடம் நீட்டினார்.

"சந்தைப் பக்கமும் வயர் கிடக்கு. கவனம் பிள்ளை."

சந்தைக்காரர் பீடத்தைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கூலிக்காரர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குதிரையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவன் விசிலடித்தான், பிறகு ஆரணியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "அடியடா. நல்லா அடி" என்றாள் ஆரணி. அவன் அடித்தான்.

வெங்காயம் விற்கும் மனுசி ஒருத்தி தராசை விட்டுவிட்டு வந்து, குதிரையின் விலாவில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"உது வெங்காயம் கிண்டின கையோடை கீறினது. மண் இன்னும் காயேல்லை. ஆர் பிள்ளை கீறினது?"

"எங்கடை அம்மா."

"அவ வரேல்லையோ?"

தெற்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த மேளம் மெல்லிதாகக் கேட்டது.

"வந்தவ" என்றாள் ஆரணி. "இப்பதான் அங்காலை போறா."

மனுசி மேளத்தைக் காதில் வாங்கினாள். ஆரணியின் கலைந்த தலையைப் பார்த்தாள். தன் சாக்கை விரித்து அவளை இருத்திவிட்டு, தராசுக்குப் போய் மறுபடி விலை கூவினாள்.

காற்று அடித்தது. சந்தைத் தரையில் கிடந்த வெங்காயச் சருகுகள் எழும்பிப் பறந்தன. அவற்றில் இரண்டு வந்து, காலையில் பூசிய பின்னங்காலின் ஈர வார்னிஷில் ஒட்டிக்கொண்டன. உரித்துவிடலாம் என்று ஆரணி கையை நீட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.