கலவை ஏரியில் பெரிய பாய்

"இன்னிக்கு அக்கரை போய்ச் சேரலன்னா படகைப் பிரிச்சுடுவேன். அந்தப் பலகையில ஆட்டுக்கு நல்லதா ஒரு பட்டி அடிக்கலாம்" என்றான் கிறிஸ்துராஜ். படகு கிடந்தது அவன் ஷெட்டில். அதனால் தங்கை பெர்சிஸ் அவனோடு மல்லுக்கு நிற்காமல் பாயைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெர்சிஸும் அவள் கணவன் ஜோவினும் ஞாயிறு ஞாயிறாகச் செய்த படகு அது. கடல் கதைகளாகப் படித்துத் தள்ளிய அவள் படகுக்குப் படம் வரைந்தாள். அவன் ப்ளைவுட்டை அறுத்து அடித்தான். ஆனால் பாய்கள் சின்னவை. நடு ஏரிக்குப் போனதும் படகு எருமை மாதிரி நின்றுவிடும். துடுப்புப் போட்டுத் திரும்புவார்கள். கரையில் கிறிஸ்துராஜ் கைதட்டுவான்.

இந்த முறை முன்பக்கத்துக்கு இரண்டு மடங்கு பெரிய பாய் தைத்திருந்தாள். பயமெல்லாம் பாய்மரத்தைப் பற்றித்தான். மெல்லிய அலுமினியக் குழாய். முன்னால் ஒரு கயிறு, பக்கத்துக்கு ஒரு கயிறு. பெரிய பாய் முன்னால் இழுத்தால், பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"நம்மகிட்ட இல்லாத வாரா?" என்ற ஜோவின், மாட்டுத்தோல் வாரை இரட்டையாக்கி மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இழுத்துக் கட்டினான். இருவரும் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

படகை ஏரியில் இறக்கியதும் பின்னாலிருந்து சாய்வாகக் காற்று அடித்தது. பெரிய பாய் விரிந்ததுதான் தாமதம், படகு பாய்ந்தது. கரைமேல் சைக்கிளில் துரத்திய கிறிஸ்துராஜ் பின்தங்கினான். நடு ஏரியைத் தாண்டும்போது, அலை தெறித்து நனைந்த வார் தொய்ந்தது. மரம் முன்னால் வில்லாக வளைந்தது.

"ஜோவின், வாரு இழுபடுது!"

"எப்டி? நாம தொங்கினோமே!"

"காஞ்ச வார்ல தொங்கினோம். கம்பெனில ஷூ அச்சுல இழுக்கறதுக்கு முன்னாடி தோலை இன்னா பண்றோம்? நல்லா நீளட்டும்னு நனைக்கிறோம் இல்ல?"

ஜோவின் தலையில் அடித்துக்கொண்டான். "பாயை இறக்கு. மரம் போய்டும்."

"இறக்கினா படகே பட்டியாப் போய்டும்!"

அவள் காலடியில் கிடந்த சுத்தியலை இரண்டு வார்களுக்கும் நடுவே செருகி முறுக்கினாள். வார் இறுகியது, மரம் மெல்ல நிமிர்ந்தது. மறுபடி தொய்ந்தது, மறுபடி முறுக்கினாள். "நீளு, எவ்ளோ நீள்றியோ நீளு" என்று தோலைத் திட்டிக்கொண்டே முறுக்கினாள். படகு வேகம் குறையவில்லை.

அக்கரைச் சேற்றில் படகின் மூக்கு புதைந்தபோது கிறிஸ்துராஜ் பாதி வழியிலிருந்த மதகைக்கூடத் தாண்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"பட்டி எப்போ அடிக்கிறீங்க மச்சான்?" என்றான் ஜோவின்.

"பேஜார் பண்ணாத மாப்ள." கிறிஸ்துராஜ் நேராக நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தான். "ஆட்டை வேப்பமரத்துல கட்டிக்கிறேன். ஷெட்டை நீங்களே வெச்சுக்கங்க."

பெர்சிஸுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாள். ஏரியிலிருந்த கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்தன.